ஐந்து வருடம் நின்ற அப்பாவின் அவுட்போர்டு: கயிற்றை இழுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மஹேபூர் டீச்சர் | திங்கள், இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸ் தென்கிழக்கில், மஹேபூரில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என்ஜின் வேலை எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பாவிடம் ஒரு மரப் பிரோக்கும் (இங்கே மீன்பிடிப் படகை அப்படித்தான் சொல்வோம்) ஒரு யமஹா எண்டூரோ அவுட்போர்டும் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) இருந்தன. 15 குதிரைச் சக்தி, இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் கப்பலின் எண்ணெய் லகூனுக்குள் (கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவில் இருக்கும் கடல்) வந்தது. கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைக்க ஊரே கடற்கரையில் உட்கார்ந்த நாட்கள் அவை. மீன்பிடிக்கத் தடை வந்ததும் அப்பா மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தடை நீங்கியபோது அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன வருடம் காலமாகிவிட்டார். மோட்டார் கொல்லைக் கொட்டகையில் மரச்சட்டத்தில் மாட்டியபடி, கோணி போர்த்தி, நின்ற நிலையிலேயே இருக்கிறது.

தம்பி காவடி விரதம் முடிந்ததும் பிரோக்கை இறக்க வேண்டும் என்கிறான். நேற்று புது பெட்ரோல் வாங்கிவந்து நேராகக் கயிற்றில் கை வைத்தான். நான்தான் தடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்பா புயல் சீசனில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்தால்கூட, முதலில் குனிந்து கீழே ஏதோ பார்த்துவிட்டுத்தான் இழுப்பார். அவர் எதைப் பார்த்தார் என்று யாராவது சொல்ல முடியுமா?

பழைய பிரோக் | திங்கள், இரவு

மகளே, அப்பாவுக்கு என் அஞ்சலி. அந்த எண்ணெய் வந்த வருடம் நானும் கரையில் நின்றவன்தான்.

எண்டூரோ முரட்டு ஜாதி, பயப்பட வேண்டாம். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். புது பெட்ரோல் கலவை ஊற்றி இழுக்கச் சொல்லுங்கள். என் மோட்டார் மூன்று வருடம் நின்றது, பத்தாவது இழுப்பில் எழுந்துவிட்டது. நாற்பது வருடம் கறுப்பாற்றுப் பக்கம் கடலில் இருந்தவன் சொல்கிறேன்.

பாம்பன் பாலம் | செவ்வாய், காலை

வணக்கம் டீச்சர். நான் ராமநாதபுரத்துக்காரன். கிராண்ட் பே பக்கம் ஒரு படகுப் பட்டறையில் வேலை.

பெரியவர் சொன்ன எண்ணெய் வைத்தியம் சரி, அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் அது முதல் வேலை இல்லை. நின்ற மோட்டாரைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போக வேண்டும். முதலில் கியர் பெட்டி, அப்புறம் தண்ணீர் பம்ப், அப்புறம் சிலிண்டர், கடைசியில் பெட்ரோலும் நெருப்பும். உங்கள் அப்பா குனிந்து பார்த்தது கியர் ஆயில் ஸ்க்ரூவைத்தான் என்று நினைக்கிறேன்.

தம்பியைத் தடுத்தது மிக நல்லது. காரணம் கேளுங்கள். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி என்ஜினைக் குளிர வைப்பது இம்பெல்லர் என்ற ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அதன் இதழ்கள் எப்போதும் மடங்கிய நிலையிலேயே கூட்டுக்குள் இருக்கும். ஐந்து வருடம் அப்படியே மடங்கிக் கிடந்தால் ரப்பர் விறைத்துப்போகும், சில நேரம் கூட்டின் சுவரோடு ஒட்டியும் போகும். கயிற்றை ஓங்கி இழுத்தால் இதழ் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு சும்மா இருக்காது, தண்ணீர்க் குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். பிறகு புது இம்பெல்லர் போட்டாலும் தண்ணீர் போதாது, என்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இப்படி வந்த மோட்டாரை நான் கையால் பிரித்திருக்கிறேன். பிஸ்டனில் அலுமினியம் உருகி இழுத்த கோடு விரலில் தட்டும்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மோட்டார் நேராக நிற்கட்டும். ப்ரொப்பல்லருக்கு முன்னால் கியர் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு பெரிய ஸ்க்ரூ இருக்கும், கீழே ஒன்று, மேலே ஒன்று. அடியில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து, கீழ் ஸ்க்ரூவை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். மேல் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். முதலில் வருவது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், உள்ளே புகுந்திருந்தால் அடியில்தான் தங்கியிருக்கும்.

ஸ்க்ரூவுக்குச் சரியான அகலமுள்ள பெரிய திருப்புளியாக எடுங்கள். சின்னதை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும்.

மஹேபூர் டீச்சர் | செவ்வாய், இரவு

அண்ணா, பார்த்தேன். ஊறுகாய் ஜாடி வைத்தோம். முதலில் ஒரு தேக்கரண்டி அளவு சுத்தமான தண்ணீர் வந்தது. கொஞ்சம் துரு நிறம். அதன் பின்னால் பால் விட்ட காபி மாதிரி கெட்டியாக ஒரு எண்ணெய். மேல் ஸ்க்ரூவையும் திறந்த பிறகு மீதி வடிந்தது, அதுவும் அதே நிறம். வாடையே வேறு மாதிரி இருந்தது, சேற்று வாடை.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. மோட்டார் போய்விட்டதா?

பாம்பன் பாலம் | செவ்வாய், இரவு

போகவில்லை டீச்சர். துணியில் கொஞ்சம் ஆயிலைத் தடவி வெளிச்சத்தில் பாருங்கள். கீழ் ஸ்க்ரூவின் முனையையும் பாருங்கள். மினுக்கு மினுக்கென்று பொடி இருந்தால் பரவாயில்லை, அது பழைய தேய்மானம். நகம் வெட்டிய துண்டு மாதிரி இரும்புச் சில் இருந்தால் பல்சக்கரம் போயிருக்கிறது.

அடுத்தது ப்ரொப்பல்லரைக் கழற்றுங்கள். நட்டைப் பிடித்திருக்கும் பிளவு ஊசியை நேராக்கி இழுத்து, நட்டைத் திருகி, சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். அதற்குப் பின்னால் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு மோட்டாரில் தண்ணீர் புகுவது அங்கேதான் என்பது என் அனுபவம். நரம்பு சுற்றிக்கொண்டு, சுழலும்போது சூடேறி உருகி, ஆயில் சீலின் (தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதட்டை அறுத்துவிடும். மீன்பிடிக்கிறவர்களின் மோட்டாரில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். திரும்பப் போடும்போது தண்டின் பல்லில் கடல் கிரீஸ் தடவிப் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு கட்டி, அடுத்த தடவை சுத்தியலும் சண்டையும்தான்.

மஹேபூர் டீச்சர் | புதன், மாலை

சில் எதுவும் இல்லை. மினுக்குப் பொடி கொஞ்சம்.

ஆனால் நரம்பு இருந்தது. பச்சை நைலான், மூன்று நான்கு சுற்று. வெளிச் சுற்று தனியாகப் பிரிந்தது, உள் சுற்று உருகி வளையல் மாதிரி இறுகியிருந்தது. கத்தி முனையால் கீறித்தான் எடுத்தோம். அப்பா காசியே (மீன் பிடிக்கும் பொறிக்கூடை) கட்ட வாங்கும் அதே பச்சை. கடைசி நாள் அவர் கடலிலிருந்து திரும்பியபோதே இது சுற்றியிருக்க வேண்டும். அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய பிரோக் | புதன், இரவு

மகளே, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பாம்பன் தம்பி சொல்கிற வரிசையிலேயே போங்கள்.

தண்ணீர் பம்பைப் பார்க்கக் கீழ்ப் பெட்டியை (கியர் பெட்டியை) கழற்றும்போது போல்ட்டுகள் அசையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட், நடுவில் உப்பு. அது வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகிவிடும். யாரும் தீச்சுடர் கொண்டு சூடாக்க விடாதீர்கள், பெயின்டும் சீலும் வெந்துபோகும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் மேல் ஊற்றுங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பிடி தளரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். உடனே அவிழ்க்கப் பார்க்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் அவிழ்க்கும் பக்கம் ஒரு மயிரிழை, மறுபடி இறுக்கம். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. ஒரு போல்ட் தலை முறிந்தால் அதைத் துளைத்து எடுக்க ஒரு வாரம்.

மஹேபூர் டீச்சர் | ஞாயிறு, மதியம்

நான்கு போல்ட்டில் மூன்று முதல் நாளே வந்துவிட்டன. நான்காவதற்குப் பதினொரு கெட்டில் தண்ணீர். தம்பி பொறுமையாக இருந்தான், எனக்கே ஆச்சரியம். கியர் கம்பியின் இணைப்பு நட்டை அவிழ்த்துப் பெட்டியை இறக்கினோம்.

பம்ப் மூடியைத் திறந்தபோது இம்பெல்லரைப் பார்த்து இரண்டு பேருமே பேசவில்லை. ஆறு இதழில் இரண்டு இல்லை. மீதி நான்கும் ஒரே பக்கம் சாய்ந்து, கையில் எடுத்த பிறகும் நிமிரவில்லை. அழுத்தினால் ரப்பர் மாதிரி இல்லை, காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இருக்கிறது.

இதழ் பிய்ந்தது எப்போது? தம்பி சத்தியமாக இழுக்கவில்லை.

பாம்பன் பாலம் | ஞாயிறு, மாலை

அப்பா ஓட்டிய காலத்திலேயே பிய்ந்திருக்கலாம். நான்கு இதழில் கொஞ்சம் தண்ணீர் வரும், மெதுவாக ஓட்டுகிறவருக்கு உடனே தெரியாது.

இப்போது முக்கியமான வேலை, அந்த இரண்டு இதழையும் தேடுவது. கிடைக்காமல் விடக்கூடாது. பம்ப் கூட்டில் இல்லை என்றால் மேலே போகும் செப்புக் குழாயில் பாருங்கள். ஹோஸை மேலிருந்து குழாய்க்குள் விட்டு, தண்ணீரைக் கீழ்நோக்கி அடியுங்கள். வந்த வழியே திரும்பி விழும்.

புது இம்பெல்லர் மட்டும் வாங்காதீர்கள், செட்டாக வாங்குங்கள். அதில் தகடு, பாக்கிங், இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவி எல்லாம் இருக்கும். பழைய தகட்டில் நகத்தால் கீறிப் பாருங்கள், வரி தட்டினால் மாற்ற வேண்டும். மாட்டும்போது கூட்டின் உட்சுவரில் கிரீஸோ சோப்புத் தண்ணீரோ தடவி, மேலிருந்து பார்த்தால் தண்டு வலஞ்சுழியாகச் சுழலும்படி திருப்பிக்கொண்டே கூட்டை இறக்குங்கள். இதழ்கள் தாமாகவே சரியான பக்கம் மடங்கும். அந்த நாளிலிருந்து தண்டையோ பிளைவீலையோ (கயிறு இழுத்தால் சுழலும் மேல் சக்கரம்) இடப்பக்கம் சுற்றவே கூடாது, இதழ் திரும்பி மடங்கி ஒடியும். தண்ணீர் இல்லாமல் ஓட்டவும் கூடாது. உலர்ந்த பம்ப் அரை நிமிடத்தில் கருகத் தொடங்கும்.

இன்னொன்று. நீளத் தண்டின் பல்லில் கிரீஸ் தடவலாம், உச்சந்தலையில் தடவாதீர்கள். அங்கே கிரீஸ் சேர்ந்தால் தண்டு முழுதாக உள்ளே உட்காராது, அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் சேதம்.

கியர் பெட்டி கையில் இருக்கும்போதே ப்ரொப்பல்லர் தண்டின் சீலை மாற்றிவிட்டால் நல்லது. போர்ட் லூயியில் விசாரியுங்கள்.

கிராங் கோப் | ஞாயிறு, இரவு

படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் வடக்கே டைவிங் படகில் வேலை செய்கிறேன். ஒரு சந்தேகம்: லகூனிலிருந்து வந்ததும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓட்டிக் கார்பரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) காலி செய்வோம். எங்கள் முதலாளி அது தவறு என்கிறார். நின்ற மோட்டாருக்கு எது நல்லது?

பாம்பன் பாலம் | ஞாயிறு, இரவு

தம்பி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். பெட்ரோல் தீர்ந்துபோகும் கடைசி நொடிகளில் எண்ணெயும் குறைகிறது, என்ஜினோ வேகமெடுத்துச் சுழல்கிறது. முதலாளி அதைத்தான் சொல்கிறார். ஆனால் பெட்ரோலை உள்ளேயே விட்டால், லேசான பகுதி ஆவியாகி, மீதி பிசினாக ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) படியும்.

நான் செய்வது: நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டு. அணைக்கும் முன் காற்று வாய் வழியாக எண்ணெய் ஸ்ப்ரே அடி, வெண்புகை வரும். அணைத்த பிறகு கார்பரேட்டரின் அடிக்கிண்ண ஸ்க்ரூவைத் திறந்து மீதியை வடித்துவிடு. இரண்டு கஷ்டமும் இல்லை.

வாராவாரம் ஓடும் படகுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் செய்.

மஹேபூர் டீச்சர் | வியாழன், இரவு

இரண்டு இதழும் கிடைத்துவிட்டன! ஒன்று ஹோஸ் அடித்ததும் விழுந்தது. இன்னொன்று வரவே இல்லை. தம்பி மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து விட்டு எடுத்தான். இரண்டையும் பழைய சக்கரத்தோடு சேர்த்துவைத்துப் பொருத்திப் பார்த்தோம், சரியாகப் பொருந்துகிறது, எதுவும் மிச்சமில்லை.

பம்ப் செட் கிடைத்தது. சீல் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. சீல் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? தம்பி புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறான்.

பாம்பன் பாலம் | வியாழன், இரவு

காத்திருந்தால் உத்தமம். ஆனால் ஒரு நிபந்தனையோடு தம்பி சொல்வதையும் ஏற்கலாம்: ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய்வந்த பிறகும் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு சொட்டுப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றே முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலோடு ராத்திரி நிற்கவிடக் கூடாது. பேரிங் துருப்பிடிப்பது ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான்.

ஆயில் எஸ்ஏஇ 90 ஹைப்பாய்டு கியர் ஆயில். ஊற்றும் முறையைக் கவனியுங்கள்: கீழ் ஓட்டை வழியாகத்தான் பம்ப் செய்ய வேண்டும், மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கும், நிறைந்த மாதிரி ஏமாற்றும். வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடுங்கள், அப்புறம் கீழ் ஸ்க்ரூ. இரண்டுக்கும் புது வாஷர். பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், தண்ணீர் அதன் வழியாகவும் வரும்.

பழைய பிரோக் | வெள்ளி, காலை

பம்ப் சரி. மேலே தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் பாகம்) இருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள் மகளே. உப்பு கட்டி மூடிக்கொள்ளும். இங்கே மீன்பிடிக்கிறவர்கள் பாதிப் பேர் அது இல்லாமல்தான் ஓட்டுகிறோம். தண்ணீர் தாராளமாக ஓடும், சூடே ஏறாது.

பாம்பன் பாலம் | வெள்ளி, மதியம்

பெரியவரே, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் சின்னவன், ஆனாலும் இதில் ஒத்துப்போக முடியவில்லை. சூடே ஏறாமல் இருப்பதும் கெடுதல்தான். என்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, எரியாமல் மீதியாகும். பிளக் கறுத்து நனையும், பிஸ்டன் ரிங்கில் கரி பிடிக்கும், பெட்ரோல் செலவு கூடும். நம் ஊர் மாதிரி மெதுவாக ஓட்டி வலை பார்க்கிற வேலைக்கு இது இன்னும் மோசம்.

சந்தேகமிருந்தால் சோதித்துவிடலாம் டீச்சர். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். யமஹாவில் பொதுவாக 50 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் வாய் திறக்கத் தொடங்கும். ஆறினால் மூட வேண்டும். திறந்து மூடினால் சுண்ணப் படிவை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். திறக்காவிட்டால் புதிது. இரண்டில் எதுவானாலும் பாக்கிங் புதிது.

பழைய பிரோக் | வெள்ளி, இரவு

என் மோட்டார் எப்போதும் பிளக்கை நனைக்கும், அது அதன் குணம் என்றே நினைத்திருந்தேன். நாளைக்கே கடையில் ஒன்று கேட்கிறேன்.

மஹேபூர் டீச்சர் | சனி, மாலை

எங்களுடையது அடுப்படியில் சோதித்தாயிற்று. 48இல் லேசாகத் திறந்தது, அம்மா தெர்மாமீட்டரைப் பிடித்தார்கள். நன்றாக இருக்கிறது.

மேல் மூடியைத் திறந்தபோது கார்பரேட்டர் பக்கம் மூன்று பல்லி முட்டை, வெள்ளையாக, ஒன்று பொரிந்த ஓடு. தண்ணீர் துப்புகிற ஓட்டைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. தூண்டில் நரம்பால் குத்திச் சுத்தம் செய்தோம். இது தெரியாமல் ஸ்டார்ட் செய்திருந்தால் தண்ணீர் வரவில்லை என்று பம்ப் மேல் பழி போட்டிருப்போம்.

சிலிண்டருக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஆகிறது. பிளைவீலைக் கையால் வலப்பக்கம் சுற்றினேன். முதல் கால் சுற்று கனமாக இருந்தது, அப்புறம் வழுவழுப்பாக வந்தது. அந்த நிமிடம் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழுத்தம் பார்க்கும் மீட்டர் கொண்டுவந்தார். இரண்டு சிலிண்டருக்கும் ஐந்து பவுண்டுகூட வித்தியாசம் இல்லை.

பாம்பன் பாலம் | சனி, இரவு

நூற்றுக்குப் பத்துக்குள் வித்தியாசம் இருந்தாலே திருப்தி. உங்களுடையது அருமை.

இனி பெட்ரோல் பக்கம். கார்பரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சையாகவோ தேன் நிறத்திலோ பிசின் இருக்கும். ஜெட்டுகளைத் தனியாகக் கழற்றிக் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஓட்டையில் எஃகுக் கம்பி விடாதீர்கள். அது தலைமுடி அளவு துளை, கொஞ்சம் அகன்றாலும் கலவைக் கணக்கு மாறிவிடும். ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செப்பு இழை போதும்.

கலவை 50க்கு 1. பத்து லிட்டருக்கு 200 மில்லி. டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் அவுட்போர்டு எண்ணெய் மட்டும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் அதிக சூட்டுக்குச் செய்தது, கடல் தண்ணீரில் குளிர்ந்து ஓடும் என்ஜினில் சாம்பல் படியும். நின்ற மோட்டார் என்று பயந்து எண்ணெயைக் கூட்டவும் வேண்டாம், சிலிண்டரில் ஏற்கனவே விட்டிருக்கிறீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய பிளக்கையே போடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் எல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு புது பிளக் போடலாம். இல்லாவிட்டால் புதிதும் முதல் நிமிடத்திலேயே நனைந்து கறுத்துவிடும்.

டர்பன் அலை | ஞாயிறு, காலை

டீச்சரக்கா, வணக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். இங்கே டர்பனில் ஸ்கீ-போட்டை (சின்ன மீன்பிடிப் படகு) நேராக அலைக்குள் தள்ளி இறக்குவோம், அலை உடையும் இடத்தைத் தாண்டும் வரை என்ஜின் ஒரு நொடி கூடத் தயங்கக் கூடாது. அதனால் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பெட்ரோல் ஹோஸை மாற்றிவிடுங்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும்.

எனக்கு நடந்தது. வெளியே ஒரு வெடிப்பு இல்லை. உள்ளே ரப்பர் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது அது பெட்ரோலுக்கு வழிவிடும். வேகம் கூட்டினால் உறிஞ்சும் விசையில் அந்தத் தோல் மடிந்து கதவு மாதிரி மூடிக்கொள்ளும். கரையில் டிரம்மில் எத்தனை முறை ஓட்டினாலும் பிடிபடாது. முதல் பெரிய அலைக்கு முன்னால் என்ஜின் அணைந்தது. படகு குறுக்கே திரும்பி நிரம்பியது, நீந்தித்தான் வந்தோம். ஹோஸில் இருக்கும் கை பம்ப் பந்தும் அப்படித்தான், அமுக்கினால் இறுகி நிற்க வேண்டும். அதிலுள்ள அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

அப்புறம் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறு. அதை இழுத்தால் என்ஜின் அணைகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்து வருட உப்புக் காற்றில் அந்த சுவிட்ச் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மஹேபூர் டீச்சர் | ஞாயிறு, இரவு

டர்பன் தம்பி, நீங்கள் எழுதியதை அப்படியே என் தம்பிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஹோஸ், பந்து இரண்டும் மாற்றுகிறோம். பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தேன். உட்தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

சுவிட்சையும் பார்த்தோம். கயிற்றை இழுத்தாலும் அது அசையவில்லை. கழற்றினால் உள்ளே பச்சைப் பூஞ்சணம். அதையும் வாங்க வேண்டும்.

மஹேபூர் டீச்சர் | பத்து நாள் கழித்து

இடையில் புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு வரை வந்து, பிரோக்கைத் தெருவுக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் காவடி. இன்றுதான் நேரம் கிடைத்தது.

நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ப்ரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, பம்ப் உறிஞ்சும் வாய் நன்றாக மூழ்கும்படி மோட்டாரை மாட்டினோம். முதல் மூன்று இழுப்பில் ஒன்றும் இல்லை. நான்காவதில் ஒரு இருமல். சோக்கைப் பாதி தள்ளி, ஏழாவதில் எழுந்துவிட்டது. கொல்லை முழுக்க வெண்புகை. நான் புகையைப் பார்க்கவில்லை, அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நொடி இருக்கும். முதலில் காற்று, அப்புறம் துரு நிறத்தில் இரண்டு துப்பல், அப்புறம் பென்சில் அளவுக்கு ஒரே சீராகத் தண்ணீர். கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா காலையில் கிளம்பும் அதே சத்தம்.

பாம்பன் பாலம் | அதே இரவு

மனசு நிறைந்தது டீச்சர். சிங்க் கட்டையை மறந்துவிடாதீர்கள், உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துக் கரைவது அதுதான். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் பட்டால் வேலை செய்யாது.

முதல் மூன்று பயணம் லகூனுக்குள்ளேயே. திட்டைத் தாண்ட வேண்டாம். துடுப்பு இரண்டும் படகில் இருக்கட்டும்.

மஹேபூர் டீச்சர் | மூன்று வாரம் கழித்து

மூன்று தடவை போய்வந்தான். மூன்றாவது தடவை நானும் போனேன், எக்ரெத் தீவுப் பக்கம் வரை, சிங்க மலை கண்ணுக்கு முன்னால். என்ஜின் ஒரு தடவையும் தடுமாறவில்லை.

முதல் இரண்டு தடவையும் கியர் ஆயில் தெளிவு. இன்று ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம், ஓரத்தில் லேசான சாம்பல் வெளுப்பு. டார்ச் வெளிச்சத்தில் சந்தேகம், காலை வெளிச்சத்தில் சந்தேகமே இல்லை.

பாம்பன் பாலம் | அதே நாள்

சீல் விடுகிறது. நரம்பு அறுத்த உதடு இவ்வளவு நாள் தாக்குப் பிடித்ததே பெரிது. முழுவதும் வடித்துவிடுங்கள், புதிது ஊற்றிக் கையால் தண்டை நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தி வையுங்கள். சீல் வரும் வரை தண்ணீரில் இறக்க வேண்டாம். அங்கே இரண்டு சீல் அடுத்தடுத்து இருக்கும், எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டில் சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் எனக்கு எழுதுங்கள், புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று பார்ப்போம்.

மஹேபூர் டீச்சர் | அதே இரவு

கடையில் பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறதாம். ஆயிலை வடித்தாயிற்று. முதல் நாள் வடித்த அதே ஊறுகாய் ஜாடிதான். சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், காலையில் அடியில் எவ்வளவு தண்ணீர் தங்குகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.